கல் பொறுக்கப் போகலாமா? வடசென்னையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். துறைமுகத்துச் சரக்குக் கணக்கு பார்ப்பது பிழைப்பு, லீவு நாளில் கல் பொறுக்குவது பழக்கம். கொல்லைப்புறத்தில் சல்லடையும் தொட்டியுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்ட கேள்விகள் இவை. வாய் வலிக்கிறது என்பதால் எழுதியே வைத்துவிட்டேன்.

வடசென்னையில் ரத்தினக்கல் கிடைக்குமா?

மோதிரத்தில் பதிக்கிற மாதிரி கிடைக்காது. கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அவர் உங்களிடம் எதையோ விற்கப் போகிறார்.

ஆனால் ஒன்று கண்ணில் படும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் மணல் மிச்சமிருக்கும் கரையில் விடிகாலையில் நடந்தால், அலை ஏறி இறங்கிய கோட்டில் மை கொட்டியதுபோல் கறுப்பும், அதன் ஓரத்தில் குங்குமம் கலைந்ததுபோல் சிவப்பும் தெரியும். கறுப்பு பெரும்பாலும் இல்மனைட்டும் மேக்னடைட்டும். சிவப்பு கார்னெட். உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து லென்ஸில் பாருங்கள், ஒவ்வொரு மணியும் மாதுளை முத்துதான். ரவையைவிடப் பொடிசு, அவ்வளவே.

நம் பக்கம் மணற்கரையே குறைவு என்பதற்குக் காரணம் உண்டு. இந்தக் கடலோரத்தில் மணல் ஆண்டு முழுக்கக் கூட்டிக்கழித்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவர் அதைக் குறுக்கே மறித்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை அரித்துப்போய்க் கடைசியில் கருங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவர்கள் உட்கார்ந்திருப்பது எங்களுக்கு வரவேண்டிய மணலில்.

அப்படியானால் எங்கே தொடங்குவது?

உங்கள் சமையல் மேடையில். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 'காஷ்மீர் ஒயிட்' என்ற பெயரில் விற்கிற வெள்ளைக் கிரானைட், காஷ்மீரைக் கண்ணால் பார்க்காத கல். மதுரை, மேலூர் பக்கத்திலிருந்து வருவது. அதில் அங்கங்கே இருக்கும் அரக்குச் சிவப்புப் புள்ளிகள் அத்தனையும் கார்னெட். பத்து வருடமாக அதன்மேல் வெங்காயம் நறுக்கிவிட்டு, கார்னெட் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கணக்கில் ஒருவன்.

அடுத்தது தெருமுனையில் கட்டட வேலைக்குக் கொட்டியிருக்கும் ஜல்லி. மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். முதல் தடவை என்னிடம் ஒரு சித்தாள் அக்கா, "இன்னா சார், மோதிரம் எதுனா வுயுந்துச்சா?" என்று கேட்டு அவர்களும் கூட உட்கார்ந்து தேடினார்கள். கிரானைட் ஜல்லியில் மூன்றைப் பிரித்துப் பழகினால் போதும். கண்ணாடி உடைந்ததுபோல் வளைவாக உடைந்து எண்ணெய் தடவிய மாதிரி மினுங்குவது குவார்ட்ஸ். தட்டையாகப் பிளந்து, திருப்பும்போது முழு முகமும் ஒரே நேரத்தில் பளிச்சிடுவது ஃபெல்ஸ்பார். நகத்தால் ஏடு ஏடாக உரிவது மைக்கா, நம் பாட்டிமார் சொன்ன காக்காப்பொன். இந்த மூன்றும் கண்ணுக்குப் பழகாமல், கல்லுக்குப் பேர்போன காங்கேயம் பக்கம் ரயில் ஏறுவது டிக்கெட் காசுக்குக் கேடு.

தூண்டில் வளைவுகளில் கொட்டியிருக்கும் பெரிய பாறைகளையும் பாருங்கள். பார்க்க மட்டும்தான், சுத்தியல் வைக்கக் கூடாது. அது கரையைக் காக்கப் போட்டது. நீலம் பாய்ந்த கருங்கல்லாக இருந்தால் அது பெரும்பாலும் சார்னகைட். கல்கத்தா நகரைத் தொடங்கியவர் என்று சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜாப் சார்னக்; அங்கே அவர் கல்லறைமேல் கிடந்த கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-இல் சார்னக் பெயரையே கல்லுக்கு வைத்தார். அந்தக் கல் போனது நம் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து.

தமிழ்நாட்டில் எந்தக் கல் எங்கே?

கொங்குப் பக்கம்தான். காங்கேயம், கரூர் சுற்றுவட்டாரத்தில் சந்திரகாந்தக்கல், கடல்நீல நிறத்துப் பெரில், அயோலைட், படிகம், கார்னெட் எல்லாம் உண்டு. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் குருந்தம், அதாவது மாணிக்கமும் நீலமும் சேர்ந்த அதே இனம், பாறைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் ஒளி ஊடுருவாத மங்கல் சிவப்பு. காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் வழியில் படியூர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலேயர் அங்கே தோண்டிப் பெரில் எடுத்திருக்கிறார்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் அகழ்ந்தபோது மணி செய்யும் பட்டறையே கிடைத்தது. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் அதுதான் என்கிறார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே நம்மைவிட நன்றாகப் பொறுக்கியிருக்கிறார்கள்.

அங்கே போனால் 'குவார்ட்ஸ் இருக்குதுங்களா' என்று கேட்காதீர்கள். வெங்கச்சங்கல் எங்கே அதிகம் கிடக்கிறது என்று கேளுங்கள், ஆடு மேய்க்கிற பையன்கூடக் கை காட்டுவான். செம்மண் காட்டில் வெங்கச்சங்கல்லும் தடித்த காக்காப்பொன் தகடும் ஒன்றாகக் கிடந்தால் அடியில் பெக்மடைட், அதாவது பெரிய பெரிய படிகங்களாக உறைந்த பாறை, ஓடுகிறது என்று அர்த்தம். பெரிலும் சந்திரகாந்தமும் அதற்குள் வளர்பவை.

வடக்கே என்றால் ஆந்திராவில் கூடூர். கும்மிடிப்பூண்டி தாண்டி அதே ரயில் பாதை. நெல்லூர் மைக்கா வட்டாரம் என்று பேர்பெற்றது, குவார்ட்ஸும் கார்னெட்டும் கிடைக்கும். நமக்குச் சென்ட்ரல் போய்க் கோவை ரயில் பிடிப்பதைவிட இது பக்கம்.

முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

நான் முதலில் வாங்கியது வெளிநாட்டுச் சுத்தியல். இன்றைக்கு அது தேங்காய் உடைக்கப் பயன்படுகிறது. அதே தப்பை நீங்களும் செய்ய வேண்டாம்.

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று, நகைப் பட்டறைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்வது அல்லது மடக்கு லென்ஸ். சின்ன டார்ச். வட்டச் சல்லடை இரண்டோ மூன்றோ. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, கோணிப்பை, களைக்கொத்து, பழைய டூத் பிரஷ். பாலித்தீன் பையில் சுற்றிய காந்தம். பையில் சுற்றாமல் மணலில் வைத்தால் கறுப்பு மணல் மீசைபோல் ஒட்டிக்கொண்டு வரவே வராது. சுற்றியிருந்தால் பையை உருவியதும் உதிர்ந்துவிடும். சல்லடைக்கும் கம்பிவலைக்கும் பாரிமுனை, ஈவினிங் பஜார் போதும். ஆன்லைனில் 'ஜெம் ஹண்டிங் கிட்' என்று விற்பது, மேலே சொன்னதையே பச்சைப் பெட்டியில் போட்டு மும்மடங்கு விலை.

சுத்தியல் கட்டாயம் வேண்டுமென்றால் கொத்தனார் சுத்தி போதும். அதைவிட முக்கியம் கண்ணாடி. பாறைச் சில்லு கண்ணில் தெறித்தவர் ஒருவரை எனக்குத் தெரியும், அதற்கப்புறம் அவர் கல் பக்கம் வரவில்லை.

மெட்டல் டிடெக்டர்?

ரத்தினக்கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆணியும் சோடா மூடியும் கிடைக்கும்.

சல்லடை போட்டு அரிப்பது எப்படி? அதில் என்ன பெரிய வித்தை?

எல்லா வித்தையும் அதில்தான். அந்த வித்தை நம் வீட்டு அடுப்படியில் ஏற்கெனவே இருந்தது.

புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், சலித்தல், அரித்தல், பொறுக்குதல். தானியத்திலிருந்து வேண்டாததைப் பிரிக்க நம்மிடம் எத்தனை வினை பாருங்கள். என் அம்மா ரேஷன் அரிசியை அரிக்கஞ்சட்டியில் போடுவார். உள்பக்கம் வரிவரியாகப் புடைப்பு இருக்கும் மண்சட்டி. தண்ணீர் ஊற்றிச் சட்டியை லேசாகச் சுற்றி ஆட்டுவார். அரிசி மிதந்த மாதிரி எழும்பித் தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்கு வழியும், கல் கனம் என்பதால் வரியில் உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் சட்டியடியில் பத்துப் பதினைந்து கல். அம்மா அதைத் தெருவில் கொட்டுவார். நான் கொட்டாமல் வைத்துக்கொள்கிறேன். வேறுபாடு அவ்வளவுதான். தங்கம் அரிக்கிறவர்கள் வெளிநாடுகளில் வைத்திருக்கும் தட்டிலும் அதே வரிகள்தான் இருக்கின்றன. சவுகார்பேட்டையில் நகைப் பட்டறைச் சந்துகளின் மண்ணைக் கூட்டி அரித்துத் தங்கத்தூள் எடுக்கிறவர்கள் செய்வதும் இதே வேலை. இலங்கையில் இரத்தினபுரியில் 'இல்லம்' என்று சொல்கிற கல்மண்ணைக் கூடையில் அரிப்பதும் அதுவே.

இனி கைவேலை. மண்ணைத் தொட்டியில் ஊறப்போட்டுக் கட்டிகளைப் பிசைந்து கரைக்கவும். சரியாகக் கரையாத மண்கட்டிக்குள் கல் ஒளிந்திருக்கும். 12 மி.மீ. கண் சல்லடை மேலே, 5 மி.மீ. நடுவில், 2 மி.மீ. அடியில். மேல் சல்லடையில் நிற்பதைக் கையால் பார்த்துவிட்டுத் தள்ளலாம். மற்ற இரண்டில்தான் விஷயம். சல்லடையைத் தண்ணீருக்குள் மட்டமாக இறக்கி, வெடுக்வெடுக்கென்று மேலும் கீழும் குலுக்கி, நாலு குலுக்குக்கு ஒருமுறை கால்வட்டம் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கற்கள் ஒரு நொடி மிதக்கும், கனமானது முந்திக்கொண்டு கீழே போகும். சுற்றுவதால் அது நடுவுக்கு நகரும். நாற்பது ஐம்பது குலுக்கல் ஆனதும் தண்ணீரை வடித்துவிட்டு, இட்லித் தட்டைக் கவிழ்ப்பதுபோல் சல்லடையை ஒரே மூச்சில் கோணிமேல் கவிழ்க்கவும். தயங்கினால் எல்லாம் கலைந்துவிடும். சரியாகச் செய்திருந்தால் வெளுத்த வட்டத்தின் நடுவே கறுத்த பொட்டு தெரியும். அந்தப் பொட்டில்தான் கார்னெட்டும் குருந்தமும் இருக்கும்.

ஆனால் கவனம்: பெரிலும் படிகமும் சந்திரகாந்தமும் கனமான கற்கள் அல்ல. குவார்ட்ஸின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்கிற கணக்கு, 2.65, பெரில் 2.7 சொச்சம், ஆகவே அவை வட்டம் முழுக்கக் கலந்து கிடக்கும். பொட்டை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைக் கொட்டிய நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

பழகுவதற்கு ஒரு வழி. சைக்கிள் கடையில் பத்து பால்ஸ் வாங்கிச் சல்லடை மண்ணில் கலந்துவிடுங்கள். கவிழ்த்தபின் நடுவில் எத்தனை என்று எண்ணுங்கள். எனக்கு முதல் நாள் நாலுதான் வந்தது. இரும்பு கார்னெட்டைவிட இரு மடங்கு கனம், அதுவே நடுவுக்கு வரவில்லையென்றால் கல் எப்படி வரும்? பத்துக்குப் பத்து வர எனக்கு மூன்று ஞாயிறு ஆயிற்று.

எந்த நேரத்தில் போவது நல்லது?

மழை விட்ட மறுநாள் காலை. உழுத காட்டில் மழை மண்ணைக் கழுவி, கல்லை மேலே விட்டுவிட்டுப் போயிருக்கும். சூரியன் தாழ இருக்கையில் அதை எதிர்நோக்கி மெதுவாக நடந்தால் படிக முகம் மினுக்கென்று காட்டிக்கொடுக்கும். ஆந்திராவில் வஜ்ரகரூர், ஜொன்னகிரி பக்கம் ஜூனில் முதல் மழை விழுந்ததும் ஊர் ஊராக ஜனம் வைரம் தேடிக் காட்டில் இறங்குவது இதே கணக்கில்தான்.

கிணறு வெட்டிக் கொட்டிய மண்மேடு தெரிந்தால் விடாதீர்கள். ஐம்பது அடி ஆழத்துப் பாறையை வேறு யாரோ செலவு செய்து மேலே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

கிடைத்தது கல்லா, கண்ணாடியா?

காசிமேட்டிலிருந்து எனக்கு வந்த 'மரகதங்கள்' பதினொன்று. பதினொன்றும் சோடா பாட்டில். கடல் உருட்டிய கண்ணாடிக்கு மேல்தோல் பனிபடர்ந்ததுபோல் சமமாக மங்கியிருக்கும், அழகாகவே இருக்கும். ஒரு மூலையை நனைத்து டார்ச் வைத்து லென்ஸில் பார்த்தால் உள்ளே உருண்டைக் குமிழ் தெரியும். குமிழ் உருண்டையாக இருந்தால் மேற்கொண்டு ஆசைப்பட வேண்டாம். நம் பக்கம் உலை அதிகம், அதனால் உலைக்கசடும் அதிகம். நீலமும் பச்சையுமாக வழவழவென்று இருக்கும், குமிழ் ஏராளம்.

அடுத்து கீறல். எது எதைக் கீறும் என்று கடினத்தை அளக்க பிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த அளவுகோலில் ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய 5.5, ஃபெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, பெரில் 7.5 முதல் 8, குருந்தம் 9. ஆகவே உங்கள் கல் பழைய கண்ணாடித் துண்டைக் கீறவில்லையென்றால் வேறு வேலை பார்க்கலாம். கீறினால் சந்தோஷப்படவும் அதிகமில்லை, தெருவில் கிடக்கும் வெங்கச்சங்கல்லும் கீறும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது சோதனை. பழைய எல்.சி.டி. லேப்டாப் திரையை முழு வெள்ளையாக வையுங்கள். போலராய்டு கூலிங் கிளாஸைத் திரைக்கு முன் பிடித்துச் சுழற்றினால் ஒரு நிலையில் திரை இருண்டுவிடும். அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு, ஒளி ஊடுருவும் கல்லை இரண்டுக்கும் நடுவில் வைத்துத் திருப்புங்கள். ஒரு முழுச் சுற்றில் நாலு முறை வெளிச்சமும் இருட்டுமாக மாறினால் குவார்ட்ஸ், பெரில், குருந்தம் மாதிரி ஏதோ ஒன்று. இருட்டாகவே இருந்தால் கண்ணாடி, அல்லது கார்னெட். ஒரு பக்கம் வைத்துப் பார்த்து இருட்டாக இருந்தால் இன்னொரு பக்கம் சாய்த்தும் பாருங்கள், படிகத்துக்கு ஒரு திசையில் இந்தக் குணம் மறைந்திருக்கும். கருவிக்காக ஆயிரக்கணக்கில் கேட்கிற சோதனை இது, பையனின் கூலிங் கிளாஸில் முடிந்துவிடுகிறது.

அயோலைட்டுக்குக் கருவியே வேண்டாம். ஒரு பக்கம் பார்த்தால் ஊதா நீலம், திருப்பினால் வெளிறிய மஞ்சளோ நிறமே இல்லாமலோ போகும். முதன்முறை பார்க்கிறவர்கள் நான் கல்லை மாற்றிவிட்டதாகத்தான் நினைப்பார்கள்.

ஒப்படர்த்தியை வீட்டில் எப்படிப் பார்ப்பது?

0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். கல்லை முதலில் அப்படியே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எண்ணை இந்த எண்ணால் வகுத்தால் முடிந்தது. கல்லில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் தட்டிவிடவும்.

ஒரு கதை. என் மைத்துனர் 'மாணிக்கம்' என்று ராசிக்கல் ஒன்று வாங்கிவந்தார். கடை பெயர் வேண்டாம். "மச்சான், ரெண்டு மாச சம்பளம், பார்த்துச் சொல்லு" என்றார். நிறுத்தால் 6.15 கிராம், தண்ணீரில் 2.46. வகுத்தால் 2.5. குருந்தம் 4.0 காட்ட வேண்டும், கார்னெட் என்றாலாவது 4.1 அளவில் வரும். 2.5 கண்ணாடியின் இடம். மறுபடி மறுபடி நிறுத்தேன், அவர் டம்ளரை மாற்றச் சொன்னார், தண்ணீரை மாற்றச் சொன்னார். கடைசியில் தராசை மாற்றச் சொன்னார். கடைக்குப் போனபோது, தண்ணீரில் போட்டதால் கல்லின் சக்தி போய்விட்டது என்று திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள்.

அரை கிராமுக்குக் கீழான கல்லுக்கு இந்த முறையை நம்ப வேண்டாம். தராசின் கடைசி எண் ஒன்று மாறினாலே 3.8-ம் வரும், 4.5-ம் வரும்.

புற ஊதா டார்ச்சில் சிவப்பாக ஒளிர்ந்தால் மாணிக்கம்தானே?

குரோமியம் இருந்து இரும்பு குறைவாக இருந்தால் ஒளிரும். ஆலையில் செய்த மாணிக்கம் அதைவிடப் பிரகாசமாக ஒளிரும். ஆகவே பொழுதுபோகும், சான்றாகாது. டார்ச்சைக் கண்ணுக்கு நேரே காட்டாதீர்கள்.

வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து அறுபதுகளில் திரும்பிவந்த தாத்தா ஒருவர் இருந்தார். மொகோக் மாணிக்கத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து வெயிலில் காட்டினால் அடுப்புக்கங்கு மாதிரி இருக்கும் என்பார். கூடவே, அதே மண்ணில் வருகிற சிவப்பு ஸ்பினலை நம்பி ஏமாறாத வியாபாரி கிடையாது என்றும் சொல்வார். ஏமாந்தவர்களில் ராஜாக்களும் உண்டு. இங்கிலாந்துக் கிரீடத்தில் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று பெயர்பெற்றது ஸ்பினல்தான்.

சட்டப்படி சரியா? போலீஸ் பிடிக்குமா?

இதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டியது இதைத்தான். 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தில் 'பொழுதுபோக்கு' என்று தனி வகை கிடையாது. கனிமம் தேடித் தோண்டவும் எடுக்கவும் உரிமம் வேண்டும். ஆற்றுப் படுகை, புறம்போக்கு, காப்புக்காடு இவற்றில் கடப்பாரையோடு நின்றால் மணல் திருடனுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. கடலோரத்தில் மணல் அள்ளுவது கடற்கரை ஒழுங்காற்று விதிகளால் தடுக்கப்பட்டது. தாதுமணல் எடுப்பதைத் தமிழக அரசு 2013-இலேயே நிறுத்திவிட்டது.

நான் வைத்துக்கொண்டிருக்கும் ஒழுங்கு இது: பட்டா நிலம், நிலத்துக்காரரிடம் முன்கூட்டிப் பேச்சு, மேலே கிடப்பதைக் கையால் பொறுக்குவது, தோண்டுவதில்லை, விற்பதில்லை. பயிர் நிற்கும் காட்டில் கால் வைப்பதே இல்லை. எடுத்ததை அவரிடம் காட்டிவிட்டுத்தான் பையில் போடுவேன். காங்கேயம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு கல்லையும் வாங்கி உற்றுப் பார்த்துவிட்டு, "இதயா எடுத்துட்டுப் போறீங்க? நான் வேற என்னமோன்னு நெனச்சனுங்க" என்று மோர் கொடுத்து அனுப்பினார்.

தோண்டியே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு மத்தியப் பிரதேசத்தில் பன்னா இருக்கிறது. 8 மீட்டருக்கு 8 மீட்டர் இடத்தை அரசு சிறு கட்டணத்துக்குக் குத்தகைக்கு விடுகிறது. வைரம் கிடைத்தால் அரசு வைர அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், ஏலம் விட்டு வரி பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தால் ஆர்கன்சாவில் கிரேட்டர் ஆஃப் டைமண்ட்ஸ் பூங்கா. டிக்கெட் எடுத்துத் தேடலாம், கிடைத்தது உங்களுக்கே.

பூண்டி பக்கம் கூழாங்கல் நிறையக் கிடக்கிறதே, அங்கே போகலாமா?

போய்ப் பாருங்கள், எடுக்காதீர்கள். கொசஸ்தலை ஆற்றுக் கரையில் அத்திரம்பாக்கத்தை அடுத்த நிலங்களில் கிடக்கும் குவார்ட்சைட் கற்களில் பல கூழாங்கல்லே அல்ல, மனிதக் கைபட்ட கற்கருவிகள். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் 1863-இல் பல்லாவரத்தில் முதல் கற்கோடரியைக் கண்ட அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்துக்கும் வந்துவிட்டார். அங்கே கிடைத்தவற்றின் பழமை 15 லட்சம் ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள். துளிபோல் வடிவம், இரு பக்கமும் சில்லு பெயர்த்த தழும்பு, ஓரம் கூர்மை. இப்படி ஒன்று கண்ணில் பட்டால் போட்டோ எடுத்துக்கொண்டு கல்லை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். இடம் மாறிய கருவிக்குப் பாதி உயிர் போய்விடும். பூண்டியில் இதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது, கிளம்பும் முன் அங்கே ஒரு நடை.

கறுப்பு மணலை மூட்டையாக வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாக அரிக்கலாமா?

கூடாது. சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், அந்த மணலில் மோனசைட் கலந்திருக்கலாம், அதில் தோரியம் உண்டு. கரையிலேயே லென்ஸில் பார்த்துவிட்டு அலைக்கே கொடுத்துவிட்டு வாருங்கள்.

எண்ணூர் கழிமுகத்துச் சேற்றில் வெறுங்கையும் வேண்டாம். அனல்மின் நிலையச் சாம்பல் ஒருபுறம், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்து படிந்த எண்ணெய் ஒருபுறம். அங்கே இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள் கைகளைப் பார்த்தால் பொழுதுபோக்குக்காக அதில் இறங்க மனம் வராது.

கல்லைச் சுத்தம் செய்வதும் பட்டை தீட்டுவதும்?

சோப்புத் தண்ணீரும் பிரஷும் முக்கால் வேலை முடிக்கும். செம்மண் கறைக்கு ஹார்டுவேர் கடை ஆக்ஸாலிக் ஆசிட்டைப் பயன்படுத்துகிறார்கள். அது விஷம். குழந்தை இருக்கும் வீட்டில் அதை வைக்காதீர்கள், நான் வைப்பதில்லை.

பட்டை தீட்டத் திருச்சிக்கு அனுப்பலாம். செயற்கை வைரக்கல் தீட்டியே பழகிய கைகள் அங்கே ஏராளம். காங்கேயத்திலும் ஆட்கள் உண்டு. கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே கிரைண்டர் வைத்துத் தேய்ப்பதென்றால் தண்ணீர் சொட்டவிட்டுத் தேயுங்கள். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் போனால் திரும்பி வராது.

இதில் காசு பார்க்க முடியுமா?

முடியாது.

சும்மா சொல்லவில்லை, கணக்கு வைத்திருக்கிறேன். ரயில், பஸ், சாப்பாடு, சல்லடை எல்லாம் ஒரு பக்கம் எழுதினால், எதிர்ப்பக்கம் எழுத ஒன்றுமில்லை. நான் எடுத்ததில் மிக நல்லது சுண்டுவிரல் நகத்தளவு அயோலைட், அதிலும் நடுவில் விரிசல்.

திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிக்குப் போகும்போதெல்லாம் ஒன்று நினைத்துக்கொள்வேன். கடல் வாணிகம் போன மகன் வரட்டி மூட்டையோடு திரும்பினான், கோபத்தில் வீசியபோது உடைந்த வரட்டிக்குள் மாணிக்கம் இருந்தது என்று கதை. அவரே உடைத்துப் பார்க்காமல் நம்பவில்லை. நாம் எம்மாத்திரம்?

வீட்டில் கல்லாகச் சேர்கிறது. எப்படி அடுக்கிவைப்பது?

மாத்திரை வைக்கிற ஏழு நாள் டப்பா. ஒவ்வொரு அறையிலும் ஒரு துண்டுச் சீட்டு: எந்த ஊர், யார் காடு, எந்தத் தேதி. ஊர் தெரியாத கல் அழகாக இருந்தாலும் ஜல்லிதான். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியதே ஆயிரத்து நூறு புவியியல் மாதிரிகளோடுதான். அங்கே நிலவியல் பிரிவில் போய்ச் சீட்டை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

டப்பா வாங்கும்போது மருந்து டப்பாவின் நிறத்தையே வாங்காதீர்கள். அம்மா ஒரு செவ்வாய்க்கிழமை இரவு கண்ணாடி போடாமல் டப்பாவைத் திறந்து, தண்ணீரையும் கையில் எடுத்துவிட்டார். நல்லவேளை, பிரஷர் மாத்திரை இவ்வளவு கனமாக இருக்காதே என்று உள்ளங்கையில் போட்டு ஆட்டிப் பார்த்திருக்கிறார். கார்னெட். ஒப்படர்த்தி 4.1.